மின்கருவிகளுக்கும் ஒரு தேர்வு

ஆண்டுதோறும் நாம் தேர்வு எழுதுகிறோம். மின்சார இஸ்திரிப் பெட்டிக்கும் தேர்வு உண்டு என்றால் நம்புவீர்களா? பிரிட்டனில் அலுவலகங்கள், தொழிற்கூடங்கள், பள்ளிகள் ஆகியவற்றில் பிளக் மாட்டிப் பயன்படுத்தும் கருவிகளை அவ்வப்போது சோதித்து, தேர்ச்சி பெற்றவற்றின் மீது தேதியிட்ட சீட்டு ஒட்டுகிறார்கள். "நன்றாகத்தானே வேலை செய்கிறது, சோதனை எதற்கு?" என்று தோன்றலாம். அதற்கு விடை காண்போம்.

எர்த் கம்பியின் பணி

இஸ்திரிப் பெட்டியின் ஒயருக்குள் மூன்று கம்பிகள் உள்ளன. மின்சாரம் வந்து திரும்ப இரண்டு கம்பிகள் போதும். மூன்றாவதான எர்த் கம்பி, பெட்டியின் உலோக உடலைப் பூமியோடு இணைக்கிறது. உள்ளே உறை தேய்ந்து மின்கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், எர்த் கம்பி வழியே மின்சாரம் பெருமளவில் பாயும். உடனே ஃபியூஸ் உருகி இணைப்பு துண்டிக்கப்படும்.

எர்த் கம்பி அறுந்திருந்தால் என்ன ஆகும்? பெட்டி வழக்கம்போலவே சூடாகும். குறை வெளியே தெரியாது. பிறகு ஒரு நாள் உறையும் தேய்ந்தால், உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடு தொடுபவரின் உடல் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர் அவர் உடலில் பாயும். இது உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆனால் 13 ஆம்பியர் ஃபியூஸுக்கோ இது ஒரு பொருட்டே அல்ல, அது உருகாது. ஃபியூஸ் இருக்கிறதே என்று நம்பி இருப்பது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

சோதனை முறை

முதலாவது, கண்ணால் பார்த்தல். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒயரில் வெடிப்பு, பிளக்கில் கருகல், தளர்ந்த திருகு, பொருந்தாத ஃபியூஸ் ஆகியவை உண்டா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குறைகள் இதிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, எர்த் தொடர்ச்சி. பிளக்கின் எர்த் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே உள்ள தடையை அளப்பர். அது ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவில், மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மின்காப்பு. இங்கே தடை மிக அதிகமாக இருக்க வேண்டும். 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்து அளக்கும்போது, எர்த் உள்ள கருவியில் பொதுவாக 10 லட்சம் ஓமுக்குக் குறையலாகாது.

சில கருவிகளில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி காணப்படும். அவை இரட்டைக் காப்பு உடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை.

சட்டம் சொல்வது

பிரிட்டனின் 1989ஆம் ஆண்டு பணியிட மின்சார விதிகள், ஆபத்து நேராதவாறு மின்கருவிகளைப் பராமரிக்க வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும் என்று அவை கூறவில்லை. கட்டடப் பணியில் இழுபடும் துளைக் கருவியும், மேசையில் அசையாதிருக்கும் கணினியும் ஒன்றல்லவே! பயன்பாட்டுக்கேற்ப இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். மேலும், ஒட்டிய சீட்டு அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மறுநாளே ஒயர் நசுங்கலாம். ஆகவே பயன்படுத்துபவரின் கண்ணே அன்றாடக் காவல்.

நாம் செய்ய வேண்டியது

நம் வீட்டிலும் மின்னழுத்தம் அதே 230 வோல்ட்தான். நம் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாக இருப்பதைப் பாருங்கள். மாட்டும்போது முதலில் சேரவும், கழற்றும்போது கடைசியில் பிரியவுமே அந்த அமைப்பு. இரண்டு துளைப் பலகையில் நுழைக்க வேண்டி அம்முனையை ஒடிப்பவர் உண்டு. அதற்குப் பிறகும் பெட்டி வேலை செய்யத்தான் செய்யும், காக்கத்தான் செய்யாது.

மாணவியரே, இன்று மாலை உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, முனைகளை எண்ணிப் பாருங்கள். ஒயரில் வெடிப்போ, முனையில் குறையோ கண்டால் உடனே பெற்றோரிடம் சொல்லுங்கள். பழுது நீங்கும்வரை அதை யாரும் தொட வேண்டாம்.