மருமகன் என்று மட்டும் தெரிந்த எம்.பி.

பெரோஸ் காந்தி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெயர்த் தகராறுதான். மகாத்மா அவரைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார் என்று ஒரு கதை. வாட்ஸ்அப்பில் வரும் கதையில் அவர் ‘கான்’ ஆகிவிடுகிறார். இரண்டும் பொய். 1912-இல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் அவர். காந்தி என்பது அப்பா வழியில் வந்த குடும்பப் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் பின்னால் மாறியது. இதற்கு மேல் இதில் ஒரு வரி செலவழிப்பதும் வீண்.

மாமனார் நேருவின் தயவில் எம்.பி. ஆனவர் என்பது அடுத்த பேச்சு. 1942-இல் இந்திராவை மணப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1930-இல், லால் பகதூர் சாஸ்திரியோடு பைசாபாத் சிறையில் கிடந்தவர் அவர். 1952-லும் 1957-லும் ரேபரேலிப் பகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேருவின் மருமகன் என்பதால் ஓட்டு விழவே இல்லை என்று சாதித்தால் அது இன்னொரு கட்டுக்கதையாகிவிடும். ஆனால் சபைக்குள் போன பிறகு அவர் அந்த உறவைப் பார்த்து நடக்கவில்லை.

ஆளுங்கட்சியின் பின்வரிசை எம்.பி. மேசை தட்டத்தான் லாயக்கு என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது. சபையில் அதிகம் வாய் திறக்காதிருந்த பெரோஸ், 1955 டிசம்பரில் எழுந்து, தொழிலதிபர் டால்மியாவின் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் எங்கெல்லாம் போனது என்று கணக்கோடு விரித்தார். டால்மியா பின்னர் சிறைக்குப் போனார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுத்தது. 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. அந்தப் பேச்சு மட்டுமே எல்.ஐ.சி.யை உண்டாக்கிவிட்டது என்பார்கள் சிலர். அது மிகை. ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற பாதையைக் காங்கிரஸ் 1955 ஜனவரியில், நம் ஆவடி மாநாட்டிலேயே வகுத்துவிட்டது. பெரோஸ் கொடுத்தது ஒரு நல்ல உந்துதல்.

அந்த எல்.ஐ.சி.யையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம். 1957 ஜூனில் அந்நிறுவனம், தன் முதலீட்டுக் குழுவைக் கலக்காமலே, தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. அதைப் பற்றிச் சபையில் முதலில் கேட்டவர் பெரோஸ் என்றே பலர் எழுதுகிறார்கள். ஆனால் அவருக்குச் சில மாதங்கள் முன்பே ராம் சுபக் சிங் கேள்வி எழுப்பியிருந்தார். வந்ததோ மழுப்பலான பதில். டிசம்பர் 16 அன்று பெரோஸ் ஆதாரங்களை எடுத்து வைத்தபோது மழுப்ப இடமில்லாமல் போனது. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை. அதுவும் மூடிய அறையில் அல்ல, பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

டி.டி.கே. பணம் வாங்கி மாட்டிக்கொண்டார் என்று இங்கே பேசுவோர் உண்டு. சாக்ளா அவர்மேல் வைத்தது அந்தக் குற்றச்சாட்டு அல்ல. இந்தப் பங்கு விவகாரத்தில் தன் செயலாளர் செய்த காரியத்துக்கு அரசியல் சட்டப்படி அமைச்சரே பொறுப்பு என்பதுதான். அவருடைய அரசியலும் அதோடு முடியவில்லை. 1962-இல் திருச்செந்தூரில் போட்டியின்றி ஜெயித்து, மறு ஆண்டே மீண்டும் நிதியமைச்சரானார். பெரோஸ் அதைப் பார்க்கவில்லை; 1960-இல் மாரடைப்பில் இறந்தார். வயது 47.

சபையில் பேசியதைப் பத்திரிகைகள் அச்சிடுவது என்றைக்கும் இருந்த உரிமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உறுப்பினர் சபையில் என்ன பேசினாலும் வழக்குப் போட முடியாது. ஆனால் அதே பேச்சை வெளியிட்ட பத்திரிகைக்கு 1956 வரை அந்தக் கவசம் இல்லை. அதைத் தந்தது 1956-இல் பெரோஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம். தனிநபர் மசோதாக்களில் இரு அவைகளையும் கடந்து சட்டமானவை சுதந்திர இந்தியாவில் மொத்தமே 14தான். அவசரநிலையின்போது இந்திராவின் அரசு கணவர் போட்ட அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 1977-இல் ஜனதா அரசு அதை மீண்டும் இயற்றியது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.