எதால் வகுத்தாய், மாப்பிள்ளை?

ஃப்ரீமான்ட்

அன்பு மாப்பிள்ளை,

கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காக நீ தயாரித்த இந்தியா–அமெரிக்கா பட்டியல் வந்தது. உழைத்திருக்கிறாய். ஆனால் முதல் வரியிலேயே டாலரை எண்பத்தைந்தால் பெருக்கிவிட்டாய். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே முடிவெட்டிக்கொள்ள முப்பது டாலர் ஆகிறது. உன் கணக்கில் அது 2,550 ரூபாய். அதே கத்தரி, அதே அரை மணி நேரம். திண்டுக்கல்லில் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கப்பலில் ஏற்றி விற்கிற பொருள் என்றால் இரு நாட்டு விலையும் ஓரளவு நெருங்கி வரும். முடிவெட்டுவதையும் வீட்டு வாடகையையும் எந்தக் கப்பலில் ஏற்றுவது? அதற்காகத்தான் உலக வங்கி ‘வாங்கும் சக்திச் சமநிலை’ என்று தனிக் கணக்குப் போடுகிறது. 2017ஆம் ஆண்டுக்கான அந்தக் கணக்கில் ஒரு டாலருக்கு ஈடு ஏறத்தாழ 21 ரூபாய். அன்றைய சந்தை விலையோ 65. ஆக, இங்கேயே வாங்கி இங்கேயே செலவழிக்கிற சம்பளத்தை நீ பல மடங்கு ஊதிக் காட்டியிருக்கிறாய். மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிற டாலருக்கு மட்டும்தான் முழு விலை. ஊரில் எழும்பும் மாடி வீடுகள் அந்த டாலரில் எழும்புபவை. வீட்டுக்காரர் இங்கே எப்படி இருக்கிறார் என்று மாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்து, அமெரிக்கா என்று நீ ஒட்டியிருக்கும் படங்களெல்லாம் எங்கள் ஊர் மாதிரியே இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஃப்ரீமான்ட், 1956இல் ஐந்து சிற்றூர்களைச் சேர்த்து உருவான நகரம். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேர். பாதிக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். குடும்ப வருமானம் நாட்டின் இடைநிலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சென்னையில் பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையைக் காட்டி இதுதான் இந்தியா என்றால் நீ ஒப்புக்கொள்வாயா?

சரி, நாடு முழுவதையும் எடு. தலைக்கு வருமானத்தில், சந்தை விலையில் பார்த்தால், அமெரிக்கா நம்மைப்போல முப்பது மடங்குக்கு மேல். ஆனால் ஆயுளைப் பார். கொரோனாவும் போதை மருந்துச் சாவுகளும் சேர்ந்து 2021இல் அமெரிக்கர் சராசரி ஆயுளை 76.4 ஆக்கின. அதற்குச் சற்று முந்தைய கணக்கிலேயே கேரளத்தின் சராசரி 75ஐத் தொட்டிருந்தது. (2023இல் அமெரிக்கா 78.4க்கு மீண்டுவிட்டது, அதையும் எழுது.) பணத்தை மட்டும் அளந்தால் இதெல்லாம் தெரியாது என்றுதான் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் 1990இல் ஆயுளையும் கல்வியையும் சேர்த்து மனித வளர்ச்சிக் குறியீட்டுக்கு வடிவம் கொடுத்தார்கள்.

‘அமெரிக்கச் சாலைகள் பாதுகாப்பானவை’ என்ற உன் வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2022இல் சாலை விபத்துகளில் இந்தியாவில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அமெரிக்காவில் 42,500க்கு மேல். மக்கள்தொகையால் வகு: இரண்டு நாட்டிலும் லட்சத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்! வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நாம் வெகுதூரம் பின்தங்கிவிடுவோம். இரண்டு விடையும் சரிதான். மைலுக்கு மைல் இங்கே பத்திரம். ஆனால் அத்தனை மைல் ஓட்டித் தீர வேண்டியிருக்கிறது. கறிவேப்பிலை வாங்கவும் கார்தான். ஊரிலிருந்து வரும் பெற்றோர் இங்குள்ள எலிசபெத் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிள்ளைகள் வேலை முடிந்து வரும்வரை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பாட்டி 2021 முதல் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறி, நினைத்த வீட்டுக்குப் போய் வருகிறார். உடனே தமிழ்நாட்டைத் தூக்கிவைத்துப் பேசிவிடாதே: அதே 2022இல் நம் மாநிலத்தில் மட்டும் 17,884 பேர் சாலையில் இறந்தார்கள். லட்சத்துக்குக் கணக்கிட்டால் இரு நாட்டுச் சராசரியையும்விட மோசம்.

இங்கே எனக்குப் பிடித்தவையும் உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறோம். ஓட்டுநர் உரிமம் எடுக்கத் தரகர் வேண்டாம்.

உன் பட்டியலில் அறவே இல்லாதது விசா. எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள். வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டில் எந்த நாட்டவருக்கும் ஆண்டுக்குப் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 1990இல் சட்டம் வைத்தார்கள். ஐஸ்லாந்துக்கும் அதுதான், இந்தியாவுக்கும் அதுதான். நம்மவர் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. கைக்குழந்தையாக வந்த பிள்ளை, அப்பா வரிசையில் நிற்கும்போதே 21 வயதாகி, அவர் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுகிறது. இந்தத் தெருவில் பதினைந்து லட்சம் டாலர் வீட்டில் இருந்துகொண்டு, கம்பெனியில் ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்தால் தூங்காதவர்கள் உண்டு. எந்தக் குறியீட்டிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

ஆகவே நாடுகளை விட்டுவிடு. இரண்டு ஆட்களை எடு. இங்கே அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறவர் ஒருவர், திண்டுக்கல் மாநகராட்சியில் அதே வேலை பார்ப்பவர் ஒருவர். வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு, வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம், பிள்ளை காய்ச்சலில் படுத்தால் லீவு உண்டா, சம்பளம் பிடிப்பார்களா — நேரில் போய்க் கேள். இங்குள்ளதை நான் விசாரித்து எழுதுகிறேன். போட்டி என்றைக்கு என்று நீ சொல்லவே இல்லையே?

அன்புடன்,
மாமா