வெயில் காலத்துக் காய்கறித் தோட்டமும் டின்னில் இருக்கும் ‘மருந்தும்’



ஜனவரி பிறந்தால் மார்ச் முடியும்வரை கெடா, பெர்லிஸ் பக்கம் மழையைக் காண்பது அபூர்வம். வெயில் எந்த அளவுக்கு ஏறும் என்று கேட்டால், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. இதே வறட்சி மாதங்களில்தான் பால்மரமும் இலை உதிர்க்கிறது. பால் குறைகிறது, கூடவே சம்பளமும் குறைகிறது. அந்த நேரத்தில் லயத்துக்குப் பின்னாலே நாலு பாத்தி வெண்டை, கத்தரி, பயற்றங்காய், மிளகாய் இருந்தால் பசார் செலவு பாதி மிச்சம். பிள்ளைகளுக்குப் பச்சைக் காய்கறியும் கிடைக்கும்.

ஆனால் பூச்சியும் இதே நேரம் பார்த்துத்தான் வருகிறது. மழைக் காலத்தில் அசுவினியையும் செம்பேனையும் மழையே அடித்துக் கழுவிவிடும். வெயில் காலத்தில் கழுவ ஆளில்லை. சூட்டில் அவை வெகு சீக்கிரம் பெருகும். தண்ணீர் போதாமல் வாடிய செடிதான் முதலில் மாட்டிக்கொள்ளும். மிளகாய் இலை சுருளும், வெண்டை இலையின் அடியில் வெள்ளை ஈ அப்பும், கத்தரி இலை வெளுத்துப் புள்ளி விழும்.

உடனே நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? “ஸ்டோர்ல மருந்து மீதி இருக்கு, ஒரு போத்தல்ல கொஞ்சம் கொண்டாந்து அடிச்சா ஒரே நாள்ல போயிடும்” என்கிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மாதம் முக்கியமாகப் பேச வேண்டும்.

நாம் மருந்து என்கிறோம். மருந்தடிக்கிற வேலை என்கிறோம். டின்னைத் திருப்பிப் பாருங்கள். மலாயில் ‘ராச்சுன்’ என்று எழுதியிருக்கும். ராச்சுன் என்றால் விஷம். மலாய்க்காரர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்கள், நாம்தான் நல்ல பெயர் வைத்துக் கொஞ்சுகிறோம்.

செம்பனைக் கன்றில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கிற சைப்பர்மெத்திரினை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குக் கலக்கிற அளவு வேறு. நாளைக்குப் பறித்துச் சாம்பாரில் போடப்போகிற வெண்டைக்காய்க்கு அந்த அளவு பொருந்தாது. காய்கறிக்கென்று விற்கிற விஷத்தில்கூட, அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். ஸ்டோரிலிருந்து போத்தலில் ஊற்றி வந்ததற்கு எந்த எழுத்தைப் பார்ப்பீர்கள்? தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சில விஷங்கள் செடியின் சாற்றுக்குள்ளேயே ஏறிவிடும். அதை அலசி எடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. இந்த விஷம் செம்பேனைத் தின்கிற பொறிவண்டையும் சிலந்தியையும் முதலில் கொன்றுவிடும். காவலாளி போன பிறகு செம்பேன் முன்னைவிட அதிகமாக வரும். உடனே இன்னும் கொஞ்சம் கூட்டி அடிக்கிறோம். இது எங்கே போய் முடியும்?

பாத்தி ஓரத்துப் புல்லுக்கு அடிக்கிற களைக்கொல்லியும் அப்படித்தான். பாராகுவாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் மறுபடி விட்டார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. யார் வீட்டிலாவது பழைய போத்தல் மூலையில் கிடந்தால் அதை வைத்திருக்கவே கூடாது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்லக்கூடியது அது. முறிப்பதற்கு மருந்தும் கிடையாது. பெரியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தாகத்தோடு விளையாடிவிட்டு ஓடிவருகிற பிள்ளைக்கு, சோடா போத்தலில் இருப்பது சோடாதான்.

விஷம் மேலே பட்டவருக்கோ குடித்தவருக்கோ தலைவலி, குமட்டல், வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல், கை நடுக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். குடித்தது தெரிந்தால் அதுவே போதும், உடனே கிளம்புங்கள். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். குடித்தவரை விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டின்னையோ அதன் லேபிளையோ மறக்காமல் கூட எடுத்துப் போங்கள். டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

சரி, பூச்சியை என்னதான் செய்வது?

முதல் வேலை செடியை வாடாமல் காப்பது. வெட்டிய லாலாங் புல்லைக் காயவைத்து, செடியைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பூத்து விதை கட்டின புல் வேண்டாம், பிறகு லாலாங் தோட்டமே வைக்க வேண்டிவரும். மண் சூடேறாது, ஈரமும் நிற்கும். தண்ணீரை விடியற்காலையில் வேரில் ஊற்றுங்கள். தினமும் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் நன்றாக நனைய ஊற்றுவது மேல், வேர் ஆழமாகப் போகும். கீரைக்கும் நாற்றுக்கும் மட்டும் தினமும் வேண்டும். அரிசி களைந்த தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். நாற்றுக்கு மேலே நாலு கம்பு நட்டு, பழைய சாரத்தைக் கட்டினால் நடுப்பகல் வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

அசுவினிக்கும் செம்பேனுக்கும் தண்ணீரே பாதி வைத்தியம். காலையில் குழாயை இலையின் அடிப்பக்கம் பார்த்து வேகமாக அடியுங்கள். அதற்கும் போகாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு நீர் கலந்து, சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலை கருகிவிடும். முதலில் இரண்டு மூன்று இலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடிப்பது நல்லது. வேப்பெண்ணெய் கிடைத்தால் அதிலும் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். சோப்பு, பூச்சி மேல் பட்டால்தான் வேலை செய்யும். அதனால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பவும் அடிக்க வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கத்தரியில் நுனிக் குருத்து தலை சாய்ந்து தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குருத்தைக் கீழே வரை வெட்டி, நசுக்கி எறியுங்கள். பாத்தியிலேயே போட்டால் புழு அடுத்த செடிக்குப் போகும். பாகற்காயைப் பிஞ்சிலேயே காகிதத்தில் சுற்றிக் கட்டிவிட்டால் பழ ஈ முட்டையிட முடியாது. இலை முழுக்கச் சுருண்டு குட்டையாகிப்போன மிளகாய்ச் செடியைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். நோய் அதிலிருந்துதான் மற்றதற்கும் பரவும்.

தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மையும் கவனியுங்கள். டிங்கி கொசுவுக்கு அது பிரசவ வார்டு. முட்டை பெரிய கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பற்றாது. முட்டை டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்து, இறுக்கி மூடுங்கள்.

உங்கள் உடம்பையும் கொஞ்சம் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பி, அதே சூட்டோடு மண்வெட்டியைத் தூக்கினால் உடம்பு எப்படித் தாங்கும்? நம் நாட்டில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஐந்து மணிக்கு மேல் இறங்கினால் போதும். வேலை செய்கிறவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக அந்த வெறும் டின் விஷயம். நன்றாகக் கழுவிவிட்டோம் என்று அதிலேயே தண்ணீர் பிடித்துக் கீரைக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறினது போகாது. காலி டின்களை ஓட்டை போட்டு, எண்ணிக்கையோடு ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அப்படித் திருப்பி வாங்குவதில்லை என்றால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை நிர்வாகத்தோடு பேசும்போது அதையும் எழுதிக்கொண்டு போகட்டும்.