சிறுகக் கட்டிப் பெருக வாழ்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் இத்தகைய எல்லையூர்களில் தேநீர்க் கடை, தையற்கடை போன்ற சிறுதொழில்கள் பல குடும்பங்களைத் தாங்குகின்றன.

இவ்வூரில் இட்டலி மாவு அரைத்து விற்கும் பெண்மணி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். வாடிக்கையாளர் பெருகியதால் அவருக்குப் பெரிய அரைவை இயந்திரம் தேவைப்படுகிறது. அதன் விலை 50,000 ரூபாய். அடகு வைக்க அவரிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. தனியாரிடம் ‘அஞ்சு வட்டிக்கு’, அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்குக் கடன் பெற்றால், மாதந்தோறும் 2,500 ரூபாய் வட்டியாகவே போகும், அசல் குறையாது. வங்கி வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு எனக் கொண்டால், முதல் மாத வட்டி 500 ரூபாய்தான். அசலைச் செலுத்தச் செலுத்த அதுவும் குறையும்.

ஆயினும் பிணை இல்லாதவருக்கு வங்கி எவ்வாறு கடன் தரும்? இத்தடையை நீக்கவே நடுவண் அரசு 2015 ஏப்ரல் 8 அன்று முத்ரா திட்டத்தைத் தொடங்கியது. சிறுதொழில் செய்வோர் சொத்துப் பிணையின்றிக் கடன் பெற இது வழிசெய்கிறது. 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 இலட்சம் வரை ‘கிஷோர்’, அதற்கு மேல் 10 இலட்சம் வரை ‘தருண்’ எனக் கடன் வகைப்படுத்தப்பட்டது. குழந்தை, சிறுவன், இளைஞன் என மனிதர் வளர்வதுபோல் தொழிலும் படிப்படியாக வளர வேண்டும் என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன. தருண் கடனை முறையாகத் திருப்பியவர் 20 இலட்சம் வரை பெறவும் பின்னர் வழி பிறந்தது.

கடன் திரும்பாவிடில் வங்கிக்கு நேரும் இழப்பில் ஒரு பகுதியை அரசின் கடன் உறுதி நிதியம் ஏற்கிறது. இவ்வுறுதி வங்கிக்கு அளிக்கப்படுவது. கடன் பெற்றவருக்கு வழங்கப்படும் தள்ளுபடி அன்று. தவணையை நிறுத்துபவர் கடனிலிருந்து விடுபடுவதில்லை. அவரது கடன் வரலாற்றில் அக்குறை பதிவாகும். மறுமுறை கடன் கிடைப்பதும் அரிதாகும்.

கேரளத்தில் 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயில் பெண்கள் ‘அயல்கூட்டம்’ என்னும் சிறு குழுக்களாகச் சேர்ந்து சேமிக்கின்றனர். அச்சேமிப்பிலிருந்து தமக்குள் கடன் கொடுத்துத் திரும்பப் பெறுகின்றனர். ஒழுங்காக நடைபெறும் குழுவை நம்பி வங்கியும் கடன் தருகிறது.

மாவு விற்கும் பெண்மணியும் கடன் பெறுமுன் அன்றாட வரவுசெலவைக் குறித்து வைத்தல் வேண்டும். செலவு போக மிஞ்சுவது தவணைக்குப் போதுமா என அக்கணக்கே கூறும். தமிழில் ‘நாணயம்’ என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டாவது நாணயம் உள்ளவரிடம் முதல் நாணயம் வந்து சேரும்.

அருஞ்சொற்பொருள்
பிணை – கடனுக்கு ஈடாக வைக்கும் பொருள்
அசல் – வட்டி சேராத கடன்தொகை
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை

வினாக்கள்
1. அஞ்சு வட்டி ஓராண்டுக்கு எத்தனை விழுக்காடு ஆகும்?
2. அரசின் கடன் உறுதி தள்ளுபடி ஆகாதது ஏன்?
3. ‘நாணயம்’ என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்துத் தொடர் எழுதுக.