இளம் பிரசங்கியாருக்கு: தேவ சித்தமும் மனித சித்தமும்

உலகில் நடப்பது எதுவும் தேவனுடைய ஆளுகைக்கு வெளியே இல்லை. மனிதன் செய்ததற்கு மனிதனே கணக்கு ஒப்புவிக்க வேண்டும். வேதம் இவ்விரண்டையும் தயக்கமின்றிச் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று சபை 1,600 ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. பிரசங்கபீடம் ஏறத் தொடங்கும் இளம் ஊழியருக்கு அந்த விவாதத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். வேதம் இவற்றை எந்த இடத்தில், யாரிடம், எதற்காகச் சொல்கிறது என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ரோமிலிருந்த கிறிஸ்தவர்களின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு மனம் நொந்தவர் பெலாகியு. கட்டளையிட்ட தேவன், அதற்குக் கீழ்ப்படியும் ஆற்றலையும் மனித இயல்பிலேயே வைத்திருக்கிறார் என்று அவர் போதித்தார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் சித்தமே நோயுற்றுவிட்டது; நல்லதை விரும்புவதற்கே கிருபை முந்தி வர வேண்டும் என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுவின் போதனையைத் தள்ளினார்கள். 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், கிருபையே முந்துகிறது என்பதை உறுதிசெய்தது. ஆனால் தேவன் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்ற கருத்தைக் கடுமையாக மறுத்தது. இந்த இரண்டாவது தீர்ப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிற்காலத்தில் எராஸ்மஸ் 1524-இல் சுயசித்தத்துக்காக எழுத, லூத்தர் மறு ஆண்டே மறுத்து எழுதினார். கத்தோலிக்க சபையில் டொமினிக்கன் துறவிகளும் இயேசு சபையாரும் இதே கேள்வியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1607-இல் போப் ஐந்தாம் பவுல் யாரையும் கண்டிக்காமல் இரு தரப்பையும் அனுமதித்து அதை நிறுத்தினார். அது ஞானமுள்ள முடிவு. நெதர்லாந்தில் அப்படி முடியவில்லை. தேவ கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்று போதித்த ஆர்மீனியஸின் வழிவந்தவர்களை 1618–19-இல் கூடிய டார்ட் சங்கம் கண்டித்தது. ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். அந்தச் சங்கத்தின் தீர்மானங்களை விசுவாச அறிக்கையாகக் கொண்ட அமெரிக்க சீர்திருத்த சபைதான் பின்னாளில் ஆற்காடு மிஷனை நடத்தியது. அதன் வழிவந்த சபைகளும், ஆர்மீனியஸின் கருத்தை ஏற்ற வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயினர். ஆகவே தமிழ்நாட்டில் ஒரே சபையின் இருக்கைகளில் இரு மரபுகளின் பிள்ளைகளும் அமர்ந்திருக்கலாம்.

பிரசங்கத்துக்கு ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தையே சொல்ல வேண்டும். பவுலைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பலில் 276 பேர். ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று தேவதூதன் அறிவித்ததைப் பவுல் புயலின் நடுவே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பதினாலாம் இரவில் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம், சற்று அப்பால் 15 பாகம். பாறைக்கு அஞ்சிப் பின்புறத்தில் நான்கு நங்கூரங்களைப் போடுகிறார்கள். பிறகு முன்புறத்திலும் நங்கூரம் போடுவதுபோலப் பாசாங்கு செய்து, தப்பி ஓடப் படகை இறக்குகிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று பவுல் நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறார். போர்ச்சேவகர்கள் கயிற்றை அறுத்துப் படகை விழவிடுகிறார்கள். கடைசியில் நீந்தியவர்களும் பலகையைப் பிடித்தவர்களுமாக அத்தனை பேரும் கரை சேர்கிறார்கள்.

வாக்குத்தத்தம் நிச்சயமானது; எச்சரிக்கையும் வெறும் பேச்சல்ல. தேவன் காப்பார் என்று அறிந்திருந்ததால் பவுல் கைகட்டி உட்காரவில்லை. அறிந்திருந்ததாலேயே அந்த இருட்டில் பதறாமல் வேலை பார்க்க முடிந்தது. லூக்கா இதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. பிரசங்கியாரும் இல்லாத விளக்கத்தைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை.

தேவ ஆளுகை பற்றிய இந்த உபதேசம் அதிகமாகக் காயப்படுத்துவது துக்க வீட்டில்தான். பிள்ளையை இழந்த தாயிடம் இது தேவ சித்தம் என்று சொல்லிவிட்டு நகர்வது ஊழியமாகாது. சகோதரர்கள் செய்த தீமையை தேவன் நன்மையாக முடித்தார் என்று யோசேப்பு சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னவன் பாதிக்கப்பட்ட யோசேப்பே. பல ஆண்டுகள் கழித்து, தன் காயத்தைப் பற்றியே சொன்னான். தீமையைத் தீமை என்று சொல்லவும் அவன் தவறவில்லை. அடுத்தவர் காயத்தின்மேல் அந்த வார்த்தையைப் போட யாருக்கும் உரிமையில்லை. அங்கே உடனிருந்து ஜெபிப்பதே போதும்.

கருத்து வேறுபட்ட சக ஊழியரை எப்படி நடத்துவது என்பதற்கு வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் முன்மாதிரி. வெஸ்லி 1739-இல் முன்குறித்தல் போதனையைத் தாக்கிப் பிரசங்கித்தார்; அதை நம்பிய ஒயிட்ஃபீல்டு 1740 டிசம்பரில் ஜார்ஜியாவிலிருந்து மறுப்புக் கடிதம் எழுதினார். சில காலம் உறவு கசந்தது, பிறகு சீரானது. 1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

ரோமர் 9-ஐப் பிரசங்கிக்க விரும்பும் இளம் ஊழியர் 10, 11-ஆம் அதிகாரங்களையும் தொடர்ந்து எடுக்க வேண்டும். தெரிந்துகொள்ளுதலைப் பேசும் ஒன்பதாம் அதிகாரம், தன் ஜனத்துக்காகப் பவுல் படும் துயரத்தோடு தொடங்குகிறது. அடுத்தது அவர்களுடைய இரட்சிப்புக்கான ஜெபத்தோடு ஆரம்பித்து, பிரசங்கிக்கிறவர் இல்லாமல் கேட்பது எப்படி என்று வினவுகிறது. பதினொன்று துதியில் முடிகிறது. இதற்கு மூன்று ஞாயிறுகளை ஒதுக்க முடியாதவர் ஒன்பதாம் அதிகாரத்தை இப்போதைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது.