நத்தார்ப் பரிசைச் சுற்றும் முறை

நத்தார்ப் பெருநாள் நெருங்கும்போது வீட்டில் வேலைகள் பெருகிவிடுகின்றன. பலகாரம், புத்தாடை, பாலன் குடில் என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கையில், பரிசுகளைச் சுற்றும் வேலை 24ஆந் திகதி இரவுக்குத் தள்ளிப் போடப்படுகின்றது. அவசரத்தில் வெட்டிய கடதாசி போதாமல் ஒட்டுப்போட நேர்கின்றது. அல்லது கூடிப்போய்ப் பொதியின் இரு முனைகளும் புடைத்து நிற்கின்றன. இதற்குக் காரணம் கைத்திறன் இல்லாமையன்று, அளவெடுக்காமையே.

அளவெடுக்கும் வகை இதுதான். பெட்டியின் நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ., உயரம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள், 56 வரும். ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு 3 செ.மீ. சேர்த்தால் 59. இது கடதாசியின் ஒரு பக்கம். மறுபக்கத்திற்குப் பெட்டியின் நீளத்துடன் இரு முனைகளுக்கும் உயரத்தின் முக்கால் பங்கை, அதாவது 6 செ.மீ. வீதம், சேர்க்க வேண்டும், 42 வரும். முனைகளில் இதற்குமேல் விடப்படும் கடதாசியே பொதியைப் புடைக்கச் செய்கின்றது.

இனிச் சுற்றுவோம். முதலில் விலைச்சீட்டை அகற்றிவிடுங்கள். கடதாசியின் அழகான பக்கம் மேசையைப் பார்க்கும்படி விரித்து, அதன் நடுவில் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அப்போதுதான் ஒட்டிய இடம் அடிப்பக்கத்தில் மறைந்துவிடும். ஒரு விளிம்பைப் பெட்டியோடு ஒட்டுங்கள். மறு விளிம்பை 1 செ.மீ. உள்ளே மடித்து, இறுக்கமாக இழுத்து, அதன்மேல் ஒட்டுங்கள். பின்னர் முனைகளில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் முதலில் உள்ளே தள்ளி, மேல்மடிப்பைக் கீழே இறக்கி, அடிமடிப்பின் ஓரத்தை மடித்து மேலே ஏற்றி ஒட்டுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டால் ஓரங்கள் கூராக நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப் பூப்போல முடிச்சிட இப்பெட்டிக்கு 2 மீற்றர் றிபன் போதும்.

போத்தல், பந்து, விளையாட்டுப் பொம்மை போன்றவை கடதாசிக்கு அடங்கமாட்டா. அவற்றை ஒரு மட்டைப்பெட்டியில் வைத்து, ஆடாமல் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்தபின் சுற்றலாம். சதுரமான துணியில் முடிவதும் நன்று. துணியின் மூலைக்கு மூலை உள்ள தூரம், பொருளின் நீளத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருக்க வேண்டும். யப்பானியர் இத்துணியைப் "புறோஷிக்கி" என்பர். கழிவைக் குறைப்பதற்காக 2006ஆம் ஆண்டில் அந்நாட்டின் சுற்றாடல் அமைச்சர் யூரிக்கோ கொய்க்கே இவ்வழக்கத்தை மீண்டும் ஊக்குவித்தார். பனையோலைப் பெட்டி பின்னும் நம்மவரின் கைகளும் இதற்கு உதவும். மூடியுள்ள ஓலைப்பெட்டிக்குக் கடதாசியே வேண்டாம், ஒரு றிபன் போதும்.

நாம் இன்று வாங்கும் பூப்போட்ட கடதாசியின் வரலாறும் சுவையானது. 1917ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், அமெரிக்காவின் கன்சஸ் நகரில் ஹோல் சகோதரர்களின் கடையில் பரிசு சுற்றும் மெல்லிய தாள் விற்றுத் தீர்ந்துவிட்டது. கடித உறைகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்கென இருந்த அலங்காரக் கடதாசியை அவர்கள் விற்பனைக்கு வைத்தார்கள். அதுவும் உடனே விற்றுத் தீர்ந்தது. கைக்கு எட்டியதைப் பயன்படுத்தியதிலிருந்தே ஒரு பெரிய வியாபாரம் பிறந்தது. ஆகவே மண்ணிறக் கடதாசியையோ, பழைய நாட்காட்டித் தாளையோ நீங்கள் பயன்படுத்துவதில் குறைவொன்றுமில்லை.

கடதாசி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சிறு துண்டைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் அது பெரும்பாலும் வெறுங் கடதாசி. மீண்டும் விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்ரிக் கலந்திருக்கின்றது. மினுங்கும் தாள்கள் பல இவ்வகையின. அவை மண்ணில் உக்குவதில்லை. முற்றத்தில் போட்டு எரித்தால் நச்சுப்புகையைக் கிளப்புகின்றன. அதேபோல் செலோரேப்பையும் அளவோடு ஒட்டுங்கள். பாட்டியின் நடுங்கும் விரல்கள் அதைப் பிரிக்க வேண்டும் அல்லவா?

இறுதியாக, செ.மீ. கொண்டு அளக்க முடியாத ஓர் அளவும் உண்டு. திருவருகைக் காலத்தில் வசதி குறைந்த குடும்பங்களுக்கெனப் பரிசுகள் சேர்ப்பது வழக்கம். வீட்டாருக்குரிய பரிசை நல்ல கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு, அக்குடும்பங்களுக்குரியதைக் கடைப் பையோடு அப்படியே கொடுத்துவிடுவோர் பலர். உள்ளே இருக்கும் சேலை நல்ல சேலையாகவே இருக்கலாம். ஆனால் பையைக் கண்டவுடனேயே தாம் எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது பெறுபவருக்கு விளங்கிவிடும். பெயர் தெரிந்தால் ஒரு சீட்டில் அப்பெயரை எழுதி ஒட்டுங்கள். "உதவி" என்று எழுத வேண்டாம். அவ்வீட்டில் ஒரு சிறுபிள்ளை இருக்குமானால், பொதியைப் பிரிக்கும் மகிழ்ச்சியும் அப்பிள்ளைக்கு உரியதே.

எனவே இம்முறை ஒரு வாரம் முன்னதாகவே மேசையில் அமருங்கள். அந்த வீட்டுக்குப் போகும் பொதியை முதலில் சுற்றுங்கள். கடதாசி குறைந்துபோனால், மிச்சமுள்ள துண்டுகளில் வீட்டாருடையதைச் சுற்றிக்கொள்ளலாம்.