இல்லம் திரும்பிய உபாசகன்



லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகரம் ஆகிய நான்கு தலங்களையும் தரிசிக்க வேண்டுமென்பது நம்மில் பலருக்கு வாழ்நாள் ஆவல். மைசூரிலிருந்து இரயிலேறி, வடநாடு சுற்றி மீளப் பல நாட்கள் செல்லும். போகும் வழியைச் சொல்லப் பலர் உளர். திரும்பிய பின் வீட்டில் இருக்கும் வழியைச் சொல்வோர் அரியர். இன்றைய பாடம் அதுவே.

முதற்கண் என் பிழையைக் கூறிவிடுகிறேன். 24 நாள் யாத்திரை முடித்து வந்த மறுநாட்காலை, அரிசி தீர்ந்ததையும், பேரனுக்குக் காய்ச்சல் கண்டதையும், கடன்காரர் வந்து போனதையும் என் மனைவியார் எடுத்துரைத்தார். "புண்ணிய பூமியிலிருந்து வந்தவனிடம் பேசும் பேச்சா இது?" என்று சினந்தேன். அவர் அமைதியாக, "நீங்கள் அங்கே கண்மூடி அமர்ந்திருந்த நாளெல்லாம் நான் இங்கே கண்மூடாமல் இருந்தேன்" என்றார். போதி மரத்தடியில் பெற்றதாக நான் எண்ணிய சாந்தி ஒரு நாழிகையும் நிற்கவில்லை.

நான் பஞ்சாலையில் உழைத்தவன். விடுமுறை கழிந்து ஆலை திறக்கும் நாளில் இழைகள் மிகுதியாக அறுபடும். பழகிய தொழிலாளி அதற்காக இயந்திரத்தை ஏசமாட்டான். அறுந்த இழையை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவான். சிறிது நேரத்தில் ஓட்டம் சீர்ப்படும். இல்லமும் அத்தகையதே.

பகவான் புத்தர் இராசகிருகத்திலிருந்து கபிலவாஸ்துவுக்கு 60 யோசனை தூரத்தை 60 நாளில் நடந்து மீண்டார் என்பது மரபு. சுற்றத்தார் யாவரும் அவரைக் காண வந்தனர், யசோதரை வரவில்லை. பகவானே அவர் இருந்த அறைக்கு எழுந்தருளினார். போனவர் பெற்ற பேறு பெரிதாயினும், இருந்தவர் பட்ட துயரும் பெரிது. ஆதலின், திரும்பி வந்தவரே முதலடி எடுத்து வைத்தல் முறை.

நமது கன்னட நாட்டிலேயே இதற்கொரு கல் சான்றாக நிற்கிறது. சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரியில் உள்ள அசோகர் சாசனத்தை 1892இல் ரைஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அதில் 256 என்னும் எண் வருகிறது. பேரரசர் பயணத்தில் கழித்த இரவுகளை அது குறிக்கும் என்பர் அறிஞர் பலர். உபாசகனான தொடக்கத்தில் ஓராண்டளவு தாம் போதிய முயற்சி செய்யவில்லை என்றும் அரசர் அதில் ஒப்புக்கொள்கிறார். அத்துணை நெடிய பயணத்திடையே அவர் மக்களுக்கு விதித்தவை யாவை? தாய் தந்தையர்க்குப் பணிதல், உயிர்களிடத்து இரக்கம், உண்மை பேசுதல், ஆசிரியரைப் போற்றுதல், உறவினரிடம் தக்கவாறு நடத்தல். இவற்றைச் செய்ய இரயிலேற வேண்டுவதில்லை. வீட்டு வாசலே போதும்.

சிகாலனுக்குப் பகவான் ஆறு திசைகளை உரைத்தபோது, மனைவியை மேற்குத் திசையாக வைத்தார். அவளை மதித்தலும், இல்லப் பொறுப்பை அவளிடம் ஒப்புவித்தலும் கணவன் கடமைகளுள் சேர்ந்தவை. நாம் இல்லாத நாளில் அவர் நடத்திய இல்லத்தை, நாம் வந்த நாளில் பறித்துக்கொள்ளலாகாது.

இனி, கைக்கொள்ள வேண்டியவை:

1. வந்த நாளில் உடலுக்கு ஓய்வு கொடுங்கள். களைப்போடு வழக்குத் தீர்க்க அமராதீர்கள்.

2. யாத்திரைக் கதை சொல்லுமுன் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

3. யாத்திரைக்கு வாங்கிய கடனை மறைக்காமல் கணக்கிட்டு, தீர்க்கும் வழியை இருவருமாகப் பேசுங்கள்.

4. பஞ்சசீலம் ஓதுவதைப் பழைய நேரத்தில் மீண்டும் தொடங்குங்கள். தியானம் முதலில் சிறிது நேரமே போதும். வீணையின் நரம்பு மிக இறுகலும் மிகத் தளர்தலும் ஆகாதென்று சோணருக்குப் பகவான் உரைத்ததை நினையுங்கள்.

5. கொண்டுவந்த போதி இலையைப் பெருமைக்குக் காட்டாதீர்கள். போக இயலாத முதியோர் கையில் முதலில் கொடுங்கள்.

அன்று மாலையே நான் அரிசி வாங்கி வந்தேன். பேரனை மருத்துவரிடம் தூக்கிச் சென்றேன். இரவில் மனைவியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பின்னரே அவர், "புத்தகயா எப்படி இருந்தது?" என்று கேட்டார். என் யாத்திரை அப்பொழுதுதான் நிறைவெய்திற்று.

வரும் பௌர்ணமி உபோசதத்தில் ஒவ்வொருவரும் தம்மையே வினவுக: நான் வீட்டை விட்டுச் சென்ற நாட்களில் என் சுமையைச் சுமந்தவர் யார்? அவருக்கு நான் நன்றி கூறினேனா?

சாது! சாது! சாது!